லோட் கிடைக்கவில்லை

என் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாலோவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. முப்பது வருஷமாக இதேதான். அவர் வாயில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது வரும் சொல் ‘லோட்’. நல்ல நாள் என்றால் மூன்று லோட். மழை பெய்து தோட்டத்துப் பாதை சேறாகிவிட்டால் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குப் போன் பண்ணினால், “லோட் கெடைக்கலம்மா” என்று உயிரே இல்லாத குரலில் சொல்வார். அந்தக் குரலை வைத்தே அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு வார்த்தையால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முழு நாள் அழுதோம். அழுதிருக்கவே வேண்டாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் உலு திராமில் குடியிருக்கிறேன். ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பச்சைத் தகடுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போகாது. அண்ணன் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரையும் அதட்டிப் பேசியதில்லை. எங்கள் வீட்டுக் கோபம் முழுவதையும் எனக்கென்று மிச்சம் வைத்துவிட்டுப் பிறந்தவர்.

நான் என் மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு விடாத இருமல் வந்தது. காசநோய் என்றார்கள். காசநோய் வந்தவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனையும் செய்வார்களாம். செய்தார்கள். இருக்கிறது என்று வந்தது. அதை அண்ணன் என்னிடம் சொன்ன இடம், ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடம். வெயிலில் நின்றுகொண்டு சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, “எப்படி வந்துச்சி?” என்பது. உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. பயமா இருக்கா என்று கேட்கவில்லை. அவர் லாரிச் சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் ஒரு தடவை கேட்டுவிட்டேனே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

பாலோவில் ஒருவர் தும்மினால் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் வைத்தியத்தை ஜொகூர் பாருவிலேயே வைத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கும் நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டு, ஒரு கப், ஒரு கரண்டி. எங்கள் வீட்டுச் சோற்றைத் தன் தட்டில் போட்டுச் சாப்பிட்டு, தானே கழுவி, துடைத்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னையும் என் வீட்டுக்காரரையும் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

“தட்டுல கப்புல ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரும்மா.”

“அப்புறம் இது என்னா வேல?”

“டாக்டரு சொல்றது சரிதான். எனக்குத்தான் மனசு வரல.”

மூன்றாவது தடவை வந்தபோது அந்த நீலத் தட்டை எடுத்து நான் சோறு போட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் கழுவிய கையோடு அப்படியே நின்றார்.

“அது என்னோட தட்டும்மா.”

“இன்னிக்கி என்னோடது. உங்களுக்கு அலமாரியில வேற தட்டு இருக்கு.”

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையின் கோடியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு என்மேலேயே பெரிய மதிப்பு வந்துவிட்டது. பயம் என்பது படிக்காதவர்களுக்கு வருவது, எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவையும் அவர் நீலத் தட்டோடுதான் வந்தார் என்பது வேறு விஷயம்.

ரத்தச் சோதனையில் வரும் இரண்டு எண்களை அவருக்கு விளக்கியது நான்தான். ஒன்று சி.டி.ஃபோர். உடம்பைக் காக்கிற அணுக்கள் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கு. அது ஏற வேண்டும். இன்னொன்று வைரல் லோட். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. அது இறங்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, பேனாவால் கோடு போட்டு, பெரிய நிபுணர் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

“மொதது பெரட்டு” என்றார்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. எங்கள் அப்பா அம்மா காலத்துச் சொல். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு நான் மறந்துபோயிருந்தேன்.

“ஆமா, எத்தன பேரு வேலைக்கி வந்திருக்காங்கன்னு கணக்கு.”

“எனக்கு எத்தன பேரும்மா?”

“நூறுகூட இல்லண்ணே.”

“அடுத்தது லோடு.”

“ஆமா. அது எறங்கணும்.”

“எறக்கிட்டாப் போச்சு லா” என்றார், ஏதோ ஆலை வாசலில் நிற்கிற மாதிரி. அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு நோய் வந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் பாஷை. ரொம்ப வசதியான பாஷை. பாலோவில் அண்ணனோடு இன்னும் இரண்டு டிரைவர்கள் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே நான் போனில், “பெரட்டுக்கு எத்தன பேரு? லோடு எவ்ளோ?” என்று கேட்பேன். அவரும், “ஆளுங்க கூடியிருக்காங்க. லோடு பாதிக்கு மேல எறங்கிடுச்சி” என்பார். லாரிக்காரர் லோடைப் பற்றிப் பேசினால் யார் காதைத் தீட்டப் போகிறார்கள்.

முதல் வருஷம் லோட் ஒழுங்காக இறங்கவில்லை. மாத்திரையை அந்த இரண்டு பேர் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்ததும் பாலோவுக்கே போய், லாரிக்குள் உட்காரவைத்துத் திட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் திட்டினேன், அந்த அளவுக்கு நிதானம் இருந்தது. பிறகு மாத்திரைகளை ஒரு வைட்டமின் டப்பாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த டிரைவர்களில் ஒருவர் நல்ல வைட்டமினா, எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். அண்ணன், “தங்கச்சி சிங்கப்பூர்ல வாங்குனது” என்று சொல்லிவிட்டார். பொய்யே வராத மனிதருக்கு அது பெரிய சாதனை.

ரத்தம் எடுக்கும் இடத்தில் அவரைப் பார்க்க வேண்டும். குலை தூக்கித் தூக்கி உரமேறிய கை. நரம்பு வெளியே தெரியும். ஊசி போடுகிற மிஸிக்கு, அதாவது நர்சுக்கு, தேடவே வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் ஊசியைப் பார்க்க மாட்டார். எதிர்ச் சுவரில் கை கழுவுவது எப்படி என்று ஒட்டியிருக்கும் படத்தை முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் படிப்பார். ஊதா மூடி போட்ட குழாய்களில் ரத்தம் நிறையும். மிஸி பஞ்சை வைத்து அழுத்தியதும் அதைத் தானே பிடித்துக்கொள்வார். ரத்தம் நின்றதும் பஞ்சைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முதல் தடவை அந்த மிஸி பார்த்துவிட்டு, அதைக் குப்பையில் போடத்தானே மஞ்சள் வாளி வைத்திருக்கிறோம் என்று மலாயில் அதட்டினாள். “என் ரத்தம் மத்தவங்க கைல படவேணாம்” என்று அண்ணன் தமிழில் என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மிஸி எழுந்து வந்து, அவர் பையில் கைவிட்டு அந்தப் பஞ்சை எடுத்து, வாளியில் போட்டுவிட்டுப் போய் அடுத்தவரைக் கூப்பிட்டாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

இப்போது என் மகளின் காதுக்கு வருகிறேன்.

அவள் பிறந்தபோது அண்ணன் பார்க்க வந்தார். கதவுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தூக்குங்கள் என்றேன். “பாத்தாப் போதும்மா” என்றார். அன்றைக்கு மட்டுமல்ல. அவள் தவழ்ந்து வந்து காலைப் பிடித்தாலும், நடந்து வந்து வேட்டியை இழுத்தாலும், அந்தக் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. பொம்மை வாங்கி வருவார். மேசைமேல் வைப்பார். அவள் எடுத்துக்கொள்வாள்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். ஒரு வயதில் கேட்டபோது அண்ணன் முடியாது என்றார்.

“ரத்தம் வர்ற காரியம்மா.”

“வர்றது அவ ரத்தம். உங்க ரத்தம் இல்ல. மடியில ஒக்காந்தா ஒன்னும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“தெரியும். லோடு எறங்கட்டும். முழுசா எறங்குன அன்னிக்கி நானே தூக்கி மடியில வச்சிக்கிறேன்.”

அந்தப் பேச்சிலிருந்து அவரை அசைக்க முடியவில்லை. அதட்டாத மனிதர்களின் பிடிவாதம் மகா பிடிவாதம். நானும் என் பங்குக்குப் பிடித்தேன். அவர் மடி இல்லாமல் என் பிள்ளைக்குக் காது குத்துவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்று போய் மூன்று வந்தது. மூன்று முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

“அப்டி என்னா அந்த மனுசனுக்கு ஓயாத வேல? ஒனக்கு ஒன்னுவிட்ட தம்பி இருக்கான்ல, அவன் மடியில ஒக்கார வையி. பொட்டப்புள்ள மூளிக் காதோட திரியுது.”

உண்மையைச் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் சண்டை போட்டேன். ஒரு வாரம் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தைய சோதனையில் ஒரு தடங்கல் நடந்திருந்தது. எடுத்த ரத்தம் குழாயிலேயே உறைந்துவிட்டதாம். உறைந்துபோனால் கருவியால் எண்ண முடியாது. ‘தாக் டாபாட்’, மறுபடி வந்து கொடுங்கள் என்று மிஸி போன் பண்ணினாள். முடியவில்லை என்பதற்கும் கிடைக்கவில்லை என்பதற்கும் மலாயில் அந்த இரண்டு சொல்தான். ஃபேக்டரியில் நாள் முழுக்க ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற எனக்கு, என் அண்ணன் ரத்தத்தை யாரோ ரிஜெக்ட் பண்ணியது தாங்கவில்லை. அண்ணன் மறுபடி அத்தனை தூரம் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தடவை லோட் சில நூறுகளுக்கு இறங்கியிருந்தது. “அடியில நாலு குலை கெடக்கு” என்றார். அதுவும் இறங்கிவிடும் என்று டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அந்த நாலு குலையும் இறங்கியதா என்று பார்க்கத்தான் கடைசியாக ரத்தம் கொடுத்தார். சில வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கும் நாள். எப்போதும் நான் லீவு போட்டுக் கூடவே போவேன். அன்றைக்கென்று ஃபேக்டரியில் தணிக்கை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஒருவரும் லீவு எடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அண்ணன் தனியாகப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. கேன்டீனில் ஒரு வாய் வைத்திருந்தேன்.

“லோட் கெடைக்கலம்மா” என்றார்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“தாக் டாபாட்னு சொல்லிட்டாரு. புது டாக்டரு, சின்ன வயசு. வேகமாப் பேசுறாரு. அதச் சிரிச்சிக்கிட்டே சொல்றாரு.”

“சிரிச்சிக்கிட்டேவா?”

“ஆமா. கைகூடக் குடுத்தாரு. அடுத்த ரத்தம் ஆறு மாசம் கழிச்சித்தானாம்.”

என் தட்டிலிருந்த சோறு தெரியவில்லை. இரண்டாவது தடவையும் ரத்தத்தைக் கெடுத்துவிட்டு, சிரித்துக் கைகொடுத்து, ஆறு மாதம் கழித்து வா என்கிறார்கள். ஆறு மாதத்தில் என் மகளுக்கு நாலு வயது ஆகிவிடும், ஒற்றைப்படை வயது போய்விடும்.

“நீங்க கேக்கலயா? ஏன் கெடைக்கலன்னு கேக்கலயா?”

“கேட்டு என்னாம்மா ஆவப் போவுது.” பின்னால் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. “ஒங்க மாமியாரு சொல்றது சரிதான். ஒன்னுவிட்ட தம்பி மடியில வச்சிக் குத்திரு. பிள்ளைக்கிக் காலம் போவுது. எனக்காக அத நிறுத்தி வைக்கவேணாம்.”

வைத்துவிட்டார். நான் ஃபேக்டரிக் கழிப்பறையில், வேலைக்குப் போடும் நீலக் கோட்டோடு உட்கார்ந்து அழுதேன். தணிக்கைக்கு வந்தவர்கள் என் மேசையைப் பார்த்தபோது என் கண் சிவந்திருந்தது. பூதக்கண்ணாடியில் அதிகம் உழைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் அன்று மாலை பாலோ போய்ச் சேர்ந்து, வீட்டுக்குள் போகாமல் லாரியிலேயே படுத்துக்கிடந்தாராம். அதைப் பிறகுதான் சொன்னார்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அண்ணனே என் நம்பரைத் தன் ஃபைலில் எழுதிக்கொடுத்திருந்ததால் என்னிடம் பேசுவார்கள். எடுத்தது அதே பஞ்சு மிஸி. எனக்குத் தெரிந்த மலாய் அத்தனையும் அன்றைக்குச் செலவாயிற்று. ஒரு மனிதன் பாலோவிலிருந்து வருகிறான், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறான், அவன் ரத்தம் உங்களுக்கு விளையாட்டா, இரண்டு தடவை தாக் டாபாட் என்றால் உங்கள் கருவிக்கு என்ன கேடு என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், “கா, டா ஹாபிஸ்?” என்றாள். அக்கா, முடிந்ததா என்று அர்த்தம்.

முடிந்தது என்றேன்.

அவள் ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. டாக்டர் சொன்னது தாக் டாபாட் மட்டும்தானா, அதற்குப் பின்னால் ‘டிகெசான்’ என்று ஒரு வார்த்தை இருந்திருக்குமே என்றாள். தாக் டாபாட் டிகெசான். கண்டுபிடிக்க முடியவில்லை. ரத்தம் கெடவில்லை. கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அது உன் அண்ணன் ரத்தத்தில் கிருமியைத் தேடியது, அதற்குக் கிடைக்கவில்லை. கிடைக்கக் கூடாது என்றுதானே அவர் இத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டார்? அடியோடு ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, கருவிக்கு எட்டாத அளவுக்குக் குறைந்திருக்கிறது, மாத்திரையை விட்டால் திரும்பி வரும், அதை அவரிடம் கண்டிப்பாகச் சொல் என்றாள். எல்லாம் நன்றாக இருப்பதால்தான் இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றிருக்கிறார்கள். அந்த இன்னொரு கணக்கும், சி.டி.ஃபோரும், ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

லோட் கிடைக்கவில்லை. அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மலாயை அப்படியே தமிழில் போட்டிருக்கிறார். உலகத்திலேயே நல்ல செய்தியை அவர் எனக்குச் சரியாகச் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் இழவு வீடு மாதிரி அழுதிருக்கிறோம். முப்பது வருஷம் லோட் கிடைக்காத நாளெல்லாம் கெட்ட நாளாகவே இருந்த மனிதரிடம் வேறு எப்படி அந்த வார்த்தை போய்ச் சேரும்? நான் மிஸியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, அடுத்த தடவை வரும்போது முறுக்கு கொண்டுவா என்றாள்.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். ஆலை வாசலில் எடை போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, லோட் கெடைக்கலதான்.”

“அதானம்மா நேத்தே சொன்னேன்.”

“தேடிப் பாத்திருக்காங்க. தேடியும் கெடைக்கல. புரியுதா? தேடியும் கெடைக்கல. அந்த நாலு குலையும் எறங்கிடுச்சி.”

லாரி எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“பெரட்டுக்கு ஐந்நூறு பேருக்கு மேல வந்திருக்காங்க. மாத்திரைய மட்டும் எந்தக் காலத்துலயும் விடக் கூடாதாம். அண்ணே? இருக்கீங்களா?”

“பின்னால ஹோர்ன் அடிக்கிறான்மா” என்றார். “லாரிய நகத்தணும். வைக்கிறேன்.”

வைக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே லாரியை நகர்த்தியிருக்கிறார். அவர் அழுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிப்பதும் கேட்டது. நானும் வைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து உலு திராமில் எங்கள் வட்டாரத்துக் கோயிலில் காது குத்து வைத்தோம். அண்ணன் புது வேட்டி, வெள்ளைச் சட்டை, சீர்த்தட்டு எல்லாமாக வந்தார். முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டார். துணிப்பையைக் காணோம். அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, மேசைக்கு நடுவில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு டிவி போடவில்லை.

கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். முதுகுக்குப் பின்னாலேயே இருந்த அந்த இரண்டு கைகளும் முன்னால் வந்தன. பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. முட்டைத் தட்டைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். “நல்லா இறுக்கிப் புடிங்க, இல்லன்னா துள்ளிடும்” என்று ஆசாரி சொன்ன பிறகுதான் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவள் அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆசாரி முதல் காதில் குத்தினார். என் மகள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு அலறினாள். அலறிய வேகத்தில், வாய்க்குப் பக்கத்தில் இருந்த தாய்மாமன் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். கோபம் என் வழியாக வந்தது, நன்றாகவே கடித்தாள்.

நான் முதலில் பார்த்தது என் பிள்ளையின் காதை அல்ல. அண்ணனின் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். தோல் கிழிந்திருக்கிறதா, ரத்தம் தெரிகிறதா என்று பார்த்தேன். அவர் தட்டில் சோறு தின்றவள், அவருக்காக மாமியாரிடம் சண்டை போட்டவள், டாக்டர் சொன்னதையெல்லாம் அவருக்கே பாடம் எடுத்தவள் நான். அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண் அங்கேதான் போயிற்று. ஃபேக்டரியில் குறை தேடுகிற கண்.

நிமிர்ந்தபோது அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. எத்தனையோ நாளாக அந்தப் பயத்தோடு குடித்தனம் நடத்தியவர் அல்லவா, அதை என் கண்ணில் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார். கட்டைவிரலை எனக்கு முன்னால் நீட்டினார். எச்சில் பளபளத்தது. நான்கு சின்னப் பல் தடம். அவ்வளவுதான்.

“நல்லாப் பாத்துக்கம்மா” என்றார் மெதுவாக. “லோட் கெடைக்கல.”

“இந்த நேரத்துலயும் லாரி நெனப்புத்தானா?” என்றார் என் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நான் முந்தானையால் அந்த விரலைத் துடைத்துவிட்டேன். துடைத்துக்கொண்டே அழுதேன். மகள் காதுக்காக அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

“இன்னொரு காது இருக்குதும்மா, தள்ளிக்குங்க” என்றார் ஆசாரி.

அண்ணன் என் மகளை இன்னும் இறுக்கமாக நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அதே கட்டைவிரலை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “கடிச்சிக்க தங்கம். மாமா ஒன்னும் சொல்ல மாட்டேன்” என்றார்.

அவள் கடித்தாள். இந்தத் தடவை நான் காதைத்தான் பார்த்தேன்.